ஒரு கை மட்டும் நுழையும் இடத்தில் டிடெக்டருக்கு ஒரு தாங்கி

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். உவரிக் கடற்கரை மணலிலும் திசையன்விளைப் பக்கத்துச் செந்தேரி மணலிலும் இருக்கிற இயற்கைக் கதிரியக்கத்தை அளப்பதுதான் என் வேலை. உவரியில் அலை ஒதுங்கிய இடத்தில் கறுப்புக் கோடு கோடாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட். செம்மை தட்டினால் அது கார்னெட். இவற்றோடு கொஞ்சம் மோனசைட்டும் கலந்திருக்கும். அந்த மோனசைட்டில்தான் தோரியம் இருக்கிறது. மணலைக் காயவைத்துச் சலித்து, பீக்கரில் அடைத்து, காற்றுப் போகாமல் மூடி நான்கு வாரம் வைத்துவிடுவோம். ரேடான் வாயுவின் அரை ஆயுள் 3.8 நாள். நான்கு வாரம் ஆனால்தான் ரேடியமும் அதன் வழிவந்த தனிமங்களும் சமநிலைக்கு வரும். அதன் பிறகுதான் டிடெக்டரில் ஏற்ற முடியும்.

இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து ஏற்றிய மணல், திங்கட்கிழமை ஒரு கணக்குச் சொன்னது, வியாழக்கிழமை வேறு கணக்குச் சொன்னது. பீக்கரும் மணலும் நேரமும் அதேதான். ஆனாலும் ஐந்து, ஆறு சதவீதம் வித்தியாசம். கதிரியக்கம் தற்செயலாக நடப்பதுதான், ஏற்ற இறக்கம் வரத்தான் செய்யும். ஆனால் டிடெக்டரில் 10,000 கதிர் பதிவாகும்வரை எண்ணிக்கை எடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவில், அதாவது 1 சதவீதத்தில், நிற்க வேண்டும். ஆறு சதவீதம் என்றால் வேறெங்கோ கோளாறு என்று அர்த்தம்.

டிடெக்டர் நிற்கிற கூண்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்களுடையது வெளிக் கதிர்களைத் தடுக்கிற உருளை வடிவ ஈயக் கூண்டு. உள்விட்டம் 160 மில்லிமீட்டர், ஆழம் 420. மூடியை மட்டும் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். உள்ளே இரண்டு அங்குல சோடியம் அயோடைடு டிடெக்டர் மேல்நோக்கி நிற்கிறது. மாரினெல்லி பீக்கர் என்பது நடுவில் குழி விழுந்த பாத்திரம். அதை டிடெக்டரின் தலையில் குல்லா மாதிரி மாட்டிவிட வேண்டும். அந்த டிடெக்டரை நிமிர்த்தி நிறுத்தியிருந்தது என்ன தெரியுமா? நான்கு தெர்மோகோல் துண்டும் சுருட்டிய செய்தித்தாளும். எனக்கு முன்பு வேலை பார்த்தவர்கள் யாரோ வைத்தது. வருடக்கணக்கில் நசுங்கி, டிடெக்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பீக்கரின் முழு எடையும் அதன் தலைமேல்தான். உள்ளே இருப்பது கதிர் பட்டால் ஒளிர்கிற, ஈரம் பட்டால் வீணாகிற படிகம். அதன் கீழே, அந்த ஒளியை மின் துடிப்பாக மாற்றிப் பெருக்குகிற, கண்ணாடியால் ஆன போட்டோமல்டிப்ளையர் குழாய். பார்க்கவே நெஞ்சு பதறியது.

துறையில் ஒரு சிறிய த்ரீடி பிரிண்டர் இருந்தது. சரி, நாமே ஒரு தாங்கி செய்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை நான்கு மாதம் இழுத்தது. ஏழு முறை அச்சடித்தேன். இதே மாதிரி வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குச் சில வாரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் அளவெடுப்பதே. கூண்டின் வாய் விட்டத்தை வெர்னியரில் எடுத்துவிடலாம். அடியில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஈயச் சுவரைக் காமா கதிர் தாக்கினால் 75 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவில் எக்ஸ் கதிர் கிளம்பும். அதைத் தடுக்கக் கூண்டின் உள்ளே செப்புத் தகடு சுற்றியிருக்கிறார்கள். அந்தத் தகடு ஒரே சீராக இல்லை, சில இடத்தில் உப்பி நிற்கிறது. வெர்னியர் அங்கே எட்டாது, கண்ணும் எட்டாது.

எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணாச்சிக்குக் காருகுறிச்சிப் பக்கம் சொந்தம். மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர். அவர்தான் ஒரு கட்டி களிமண் கொண்டுவந்து கொடுத்தார். சின்னச் சின்ன உருண்டையாக்கி, ஈரம் உள்ளே போகாதபடி பாலித்தீன் உறையில் கட்டி, டிடெக்டருக்குப் பதிலாக அதே விட்டமுள்ள பிவிசி குழாயை உள்ளே இறக்கி, இடைவெளியில் உருண்டைகளை வைத்து அழுத்தினேன். பிறகு மெல்ல வெளியே எடுத்து, நசுங்கிய உருண்டையின் தடிமனை அளந்தேன். எட்டு இடத்தில் எடுத்த அளவில் பெரியதற்கும் சிறியதற்கும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். வாயில் எடுத்த அளவை மட்டும் நம்பி வடிவமைத்திருந்தால் தாங்கி பாதி வழியிலேயே சிக்கியிருக்கும். கருவி எட்டாத இடத்தில் அச்செடுங்கள், அப்புறம் அச்சை அளங்கள். அந்தக் களிமண் கட்டி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

அளவு கிடைத்ததும் கணினியில் வரைந்தேன். டிடெக்டரை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வளையம், அதைச் சுவரோடு முட்டுக்கொடுக்கும் நான்கு கைகள். திரையில் சுழற்றிப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“தம்பி, படத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு. கை எந்த வழியா உள்ள போவும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வளையத்தின் திருகுகள் பக்கவாட்டில் இருந்தன. அதைத் திருக ஆலன் கீ கிடையாகச் சுழல வேண்டும். சுவருக்கும் வளையத்துக்கும் நடுவே விரல் நுழையும், ஆலன் கீ சுழலாது. இன்னொன்று, டிடெக்டரின் அடியில் இருக்கிற சாக்கெட் உடலைவிட அகலம். மூடிய வளையத்தை எந்தப் பக்கமிருந்தும் மாட்டவே முடியாது. இரண்டையும் அச்சடித்த பிறகு கண்டுபிடித்திருந்தால் பதினோரு மணி நேர அச்சு வீண்.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கெட்டி அட்டையில் அதே விட்டம், அதே ஆழத்துக்கு ஒரு போலிக் கூண்டு செய்து, வடிவமைப்பின் அட்டை மாதிரியை அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் மாட்டிப் பார்ப்பேன். கண்ணை மூடுவது முக்கியம். உண்மைக் கூண்டுக்குள் கை போனதும் அந்தக் கையே வெளிச்சத்தை மறைத்துவிடும். அங்கே தொட்டுத்தான் வேலை செய்ய முடியும். கண்ணை மூடி மாட்ட முடியாததை நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. இதனால் மாறியவை பல. வளையம் இரண்டு பாதியானது. திருகுகளின் தலை எல்லாம் மேல்நோக்கித் திரும்பியது. நட்டு கீழே விழாமல் அறுகோணக் குழிக்குள் உட்கார்ந்தது. அதற்கு முன்பு ஒரு நட்டு கூண்டுக்குள் விழுந்து, ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்தில் ஒட்டாமல், கம்பி நுனியில் பசை தடவி எடுக்க ஒரு மதியம் முழுக்கப் போனது.

ஆனாலும் தாங்கி ஆடியது. நான்கு கைகளில் மூன்றுதான் சுவரைத் தொட்டன. கை நீளத்தைத் திருத்தினால் இன்னொன்று தூக்கிக்கொண்டது. இறுக்கி மாட்டினால் அன்றைக்கு நிற்கும், மூன்று வாரத்தில் திருகு தளர்ந்துவிடும். திருகு தானாகக் கழலவில்லை. தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இளகிக் கொடுத்துவிடும். நான் அச்சடித்த பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் இது நன்றாகவே தெரியும்.

அந்தச் சமயம் அம்பாசமுத்திரத்தில் தாய்மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்குக் கடசல் பட்டறை. மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றிச் சொப்புச் சாமான் செய்கிற தொழில். தாங்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏல மருமவனே, இது என்னத்துக்கு நாலு காலு? மூணு கல்லு வச்ச அடுப்பு எந்தத் தரையிலயும் ஆடாதுல்லா?”

“சுவர்ல முட்டுக்கொடுத்துப் பிடிக்கணும் மாமா.”

“நெருக்கிப் பிடிச்சா மரமே இளகிக் குடுக்கும், இது பிளாஸ்டிக். பிடிக்காதல. உக்கார வையி.”

பஸ்ஸில் திரும்பும்போது கல்லிடைக்குறிச்சி தாண்டுவதற்குள் புது வடிவம் மனதில் வந்துவிட்டது. துல்லியக் கருவிக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற முறைதான் அது. புத்தகத்தில் படித்தும் இருக்கிறேன். ஆனால் என் கையில் இருக்கிற பொருளுக்கும் அதுதான் வழி என்று மாமா சொல்லித்தான் உறைத்தது.

தாங்கியை இரண்டு தட்டாகப் பிரித்தேன். கீழ்த்தட்டு கூண்டின் தரையிலேயே நிரந்தரமாக இருக்கும். அதில் மூன்று இருக்கைகள்: ஒன்று கூம்புக் குழி, ஒன்று வி வடிவப் பள்ளம், ஒன்று வெறும் சமதளம். மேல்தட்டின் அடியில் மூன்று குண்டுகள். குழியில் உட்காரும் குண்டு நகர முடியாது. பள்ளத்தில் உட்காரும் குண்டு தட்டைச் சுழல விடாது. சமதளத்தில் இருப்பது உயரத்தை மட்டும் தாங்கும். மேல்தட்டை எத்தனை முறை தூக்கி வைத்தாலும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். திருகே தேவையில்லை, எடைதான் பிடிமானம். குண்டுக்குக் கோலிக்குண்டுதான் வாங்கினேன். கண்ணாடி தேயாது, காந்தமும் இல்லை. அது முழு உருண்டையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒட்டிய குண்டு சுழலப் போவதில்லை, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில்தான் தொடும். ஆனால் மூன்று இருக்கைகளையும் சம இடைவெளியில் வைக்காதீர்கள். நான் முதலில் அப்படித்தான் வைத்தேன், தட்டை மூன்று விதமாக உட்கார வைக்க முடிந்தது. இடைவெளிகளை வேறு வேறாக்கிய பிறகுதான் ஒரே ஒரு வழியில் மட்டும் அமர்ந்தது. பீக்கரின் எடையையும் மேல்தட்டில் இருந்து எழும் தனி வளையத்துக்கு மாற்றினேன். இப்போது டிடெக்டர் தலைமேல் ஒரு கிராம் கூட இல்லை.

நான் செய்த பெரிய தப்பைச் சொல்ல வேண்டும். மேல்தட்டு தற்செயலாகத் தட்டுப்பட்டாலும் நகராமல் இருக்கட்டும் என்று, நடுவில் ஒரு பதிப்பில் சின்ன நியோடிமியம் காந்தங்களைப் பதித்தேன். சடக்கென்று ஒட்டிக்கொண்டது, அவ்வளவு திருப்தி. மறுநாள் சீர்பார்ப்புக்கான சீசியம்-137 கதிரியக்க மூலத்தை வைத்துப் பார்த்தால், நிறமாலையில் (எந்த ஆற்றலில் எத்தனை கதிர் என்று காட்டும் வரைபடம்) அதன் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சிகரம் வழக்கமான இடத்தில், அதாவது வழக்கமான சேனலில், இல்லை. கீழே இறங்கி, அகன்றும் போயிருந்தது. மே மாதம், அறையில் ஏசி கிடையாது, வெக்கை. சோடியம் அயோடைடு வெளிச்சமும் போட்டோமல்டிப்ளையரும் வெப்பத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் வெயில் மீதே பழியைப் போட்டு நான்கு நாள் ஓட்டினேன். விடியற்காலையில் அளந்தேன், மாலையில் அளந்தேன். எப்போது அளந்தாலும் சிகரம் இறங்கித்தான் இருந்தது. ஐந்தாம் நாள் தாங்கியை வெளியே எடுத்துவிட்டு அளந்தபோது சிகரம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

போட்டோமல்டிப்ளையர் குழாயில் எலக்ட்ரான்கள் ஒரு தகட்டிலிருந்து இன்னொரு தகட்டுக்குப் பாய்ந்து பாய்ந்துதான் பெருகும். குறுக்கே காந்தப்புலம் இருந்தால் பாதை வளைந்து, கொஞ்சம் இலக்குத் தவறிவிடும். இது எங்கள் ஊர்க்காரனுக்கு நினைவில் இருந்திருக்க வேண்டிய விஷயம். திருநெல்வேலி பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். இங்கே பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய கிடையாகவே ஓடுகிறது. நிமிர்ந்து நிற்கும் குழாய்க்கு அது நேர் குறுக்கு. அதன் அளவு சுமார் 0.4 காஸ்தான் (காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு). குழாயைச் சுற்றியிருக்கும் மியூ-மெட்டல் என்ற உலோகக் கலவை உறை அதைத் தடுத்துவிடும். பொத்தான் அளவு நியோடிமியம் காந்தத்தின் முகத்திலோ ஆயிரக்கணக்கான காஸ். பக்கத்திலேயே அதை வைத்தால் உறை என்ன செய்யும்? இப்போது தாங்கியில் காந்தம் இல்லை, குழாய்க்கு அருகில் இரும்புத் திருகும் இல்லை, பித்தளைதான். டிடெக்டர் உடம்பிலும் தாங்கியிலும் ஒரு கோடு போட்டு, எப்போதும் ஒரே திசை பார்த்து நிற்க வைக்கிறேன்.

பிளாஸ்டிக்கைப் பற்றி. முதல் பதிப்புகள் எல்லாம் பிஎல்ஏ, அச்சடிக்க எளிது. ஒருநாள் அச்சடித்த மேல்தட்டை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் பித்தளைத் திருகு வாங்கப் போனேன். வெயிலில் வண்டி இரண்டு மணி நேரம் நின்றது. திறந்து பார்த்தால் தட்டு அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்தாலே இளக ஆரம்பித்துவிடும். அக்கினி நட்சத்திரத்தில் மூடிய டிக்கிக்குள் அந்தச் சூடு வருவது பெரிய காரியமில்லை. அதன் பிறகு பெட்ஜி என்ற வேறு பிளாஸ்டிக் இழைக்கு மாறினேன், அது 80 டிகிரி வரை தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இழை ஈரத்தை இழுத்துக்கொண்டு அச்சில் நூல் நூலாக வரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் போகாத டப்பாவில் வைத்தால் சமாளிக்கலாம்.

அச்சடிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துளை எப்போதும் வரைந்ததைவிடச் சின்னதாகத்தான் வரும். என் பிரிண்டரில் 0.2 மில்லிமீட்டர். உங்கள் பிரிண்டரில் எவ்வளவு என்று முழுப் பொருளை அச்சடிக்கும் முன், வளையத்தின் கால்வாசித் துண்டை மட்டும் அடித்துப் பொருத்திப் பாருங்கள், இருபது நிமிட வேலைதான். டிடெக்டர் உடலுக்கும் வளையத்துக்கும் இடையே பக்கத்துக்கு அரை மில்லி விட்டு, அந்த இடத்தை ஃபெல்ட் துணியால் நிரப்பினேன். அடுக்கு அடுக்காக அச்சாகும் பொருள் அடுக்கின் போக்கில்தான் முறியும். நிற்க வைத்து அடித்த ஒரு கால், பீக்கரை ஏற்றும்போது மடக்கென்று போனது. உள்ளே டிடெக்டர் இல்லாமல் பிவிசி குழாய் இருந்ததால் தப்பித்தேன். அப்போதிருந்து கால்களைத் தனியாகப் படுக்க வைத்து அடித்து, பிறகு இணைக்கிறேன். எந்தப் புதுத் தாங்கியையும் முதலில் போலிக் குழாயோடு, அசல் எடையைப் போல் இரண்டு மடங்கு ஏற்றி ஒரு இரவு விட்டுப் பாருங்கள். இந்த ஒன்றில் மட்டும் அவசரம் வேண்டாம்.

பிளாஸ்டிக் லேசானதுதானே, கதிரை என்ன தடுத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. 3 மில்லிமீட்டர் கெட்டிப் பிளாஸ்டிக், 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவில் சுமார் 3 சதவீதத்தை வாங்கிக்கொள்ளும். அமெரிசியம் என்ற இன்னொரு கதிரியக்கத் தனிமத்தின் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அது சுமார் 7 சதவீதம். ஆறு சதவீதக் கோளாறைத் தீர்க்க வந்த தாங்கியே அந்த அளவு கோளாறைக் கொண்டுவரக் கூடாது அல்லவா? அதனால் மூலத்துக்கும் படிகத்துக்கும் நடுவில் எதுவும் வராதபடி வடிவமைத்தேன். அளவீட்டுச் சீர்பார்ப்புக்குச் சீசியம் வில்லையை வைக்கும் மேல்கூடு கூட, மூன்று மெல்லிய கால்களும் வில்லையின் விளிம்பை மட்டும் தாங்கும் ஒரு வளையமும்தான். அங்கே தூரம் உயிர்நாடி. 50 மில்லிமீட்டர் தூரத்தில் 1 மில்லிமீட்டர் பிசகினால், எதிர்வர்க்க விதிப்படி எண்ணிக்கை சுமார் 4 சதவீதம் மாறும். இன்னும் பக்கத்தில் வைத்தால் அதைவிட மோசம்.

தாங்கி சேர்ந்த பிறகு, மணல் இல்லாமல் வெறும் கூண்டை ஒரு இரவு முழுக்க எண்ணவிட்டேன். தாங்கி இல்லாமல் ஒரு இரவு, தாங்கியோடு ஒரு இரவு. கோலிக்குண்டில் பொட்டாசியம் இருக்குமோ, இழையின் நிறமியில் ஏதாவது இருக்குமோ என்ற சந்தேகம்தான். இரண்டு நிறமாலையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. புதுச் சுருள் இழை வாங்கும்போதெல்லாம் ஒரு துண்டை இப்படிச் சோதித்துவிடுகிறேன். பழைய பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் தோரியம் இருக்கும் என்று ஜூனியர்களுக்குக் காட்ட ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறோம். அதைத் தொட்ட கையோடு யாரும் கூண்டுக்குள் கைவிடக் கூடாது என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசிவரை என்னைப் பாடாய்ப் படுத்தியது கேபிள்தான். டிடெக்டர் மூன்று குண்டின் மேல் அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்திருக்கும். கீழ்த்துளை வழியாக வெளியே போகும் விறைத்த கோஆக்சியல் கேபிள் அதை மெல்ல ஒரு பக்கம் நெட்டித் தள்ளும். 5 மில்லிமீட்டர் கேபிளை 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக மடக்கக் கூடாது, ஆனால் அடியில் எனக்கு இருந்த இடமோ 30தான். முதலில் கேபிளுக்கு இடம் ஒதுக்கி, மிச்சத்தில் தாங்கியை வரைந்திருக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன். ஏழாவது பதிப்பில் கீழ்த்தட்டிலேயே அரைவட்டப் பாதை ஒன்றை வெட்டி, கேபிளை அதில் கவ்வ வைத்தேன். இப்போது அது இழுத்தால் கீழ்த்தட்டைத்தான் இழுக்கும், மேல்தட்டுக்குத் தெரியாது. ஹை வோல்டேஜை அணைத்து, சில நிமிடம் விட்டுத்தான் இந்த இணைப்பில் கை வைக்க வேண்டும் என்பதை மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

போன மாதம் சோதனை முடித்தேன். மேல்தட்டை முழுக்க வெளியே எடுத்துத் திரும்ப வைப்பது ஒரு முறை. அப்படிப் பத்து முறை. ஒவ்வொரு முறையும் சீசியத்தில் 10,000 எண்ணிக்கைக்கு மேல். ஐந்து முறை நான் வைத்தேன், மூன்று முறை ஒரு ஜூனியர் தங்கச்சி வைத்தாள், இரண்டு முறை அண்ணாச்சி. பத்தும் 1 சதவீதச் சொச்சத்துக்குள் நின்றன. யார் கை வைத்தது என்று எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

தாங்கியைத் தூக்க இரண்டு காதுகளில் கட்டிய பருத்தி நாடாதான் அடுத்து மாற்ற வேண்டியது. அழுக்குப் படிகிறது, இழையும் பிரிகிறது. அண்ணாச்சி பத்தமடைப் பாய்க்காரர்களிடம் நல்ல கோரை நூல் கேட்டு வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய அளவுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, உவரி மணலில் முதல் பீக்கரை மறுபடி அடைத்து மூடிவிட்டேன். இன்றைக்கு அதற்குப் பத்தொன்பதாவது நாள்.